காரணம்: உராய்வு

விருதுநகர் மாவட்டத்தில் அதிகம் பேரைக் கொன்றவனை போலீஸ் இன்றுவரை பிடிக்கவில்லை. இத்தனைக்கும் ஆளின் பெயர் தெரியும். எந்த ஆலை, எந்த அறை, எத்தனை மணி என்பதுகூட மறுநாள் பேப்பரில் வந்துவிடும். பெயர் உராய்வு. மருந்து கலக்கும்போது உராய்வு. மணிமருந்து செலுத்தும்போது உராய்வு. வெடியை வண்டியில் ஏற்றும்போது உராய்வு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நாற்பதை ஒட்டி உயிர் போனது. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் இருபதைத் தாண்டியது. 2024 மே 9 செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1 சின்னக்காமன்பட்டி. ஒவ்வொரு முறையும் முதற்கட்ட விசாரணையில் உராய்வு என்று தெரியவருகிறது. இரண்டாம் கட்ட விசாரணையில் என்ன தெரியவந்தது என்று பேப்பரைப் புரட்டிப் புரட்டி விரல் கறுத்ததுதான் நமக்கு மிச்சம்.

உள்குத்தகைக்கு விட்ட முதலாளி அந்த அறையில் இல்லை. நான்கு பேருக்கு அனுமதித்த அறையில் பத்துப் பேரை உட்காரவைத்த தீபாவளி ஆர்டர் அந்த அறையில் இல்லை. தணிக்கைக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போன அதிகாரி இல்லை. இருந்தது உராய்வு மட்டும்தான். அகப்படுபவர் போர்மேன். அவரும் உயிரோடிருந்தால்.

காரணம் தேடுவதை உராய்வோடு நிறுத்திக்கொள்ளும் இந்த நாட்டில்தான் மருத்துவக் கல்வியில் ஒரு புரட்சி நடப்பதாகச் சொல்கிறார்கள். புத்தகத்தை மனப்பாடம் செய்து டாக்டராவது பழைய முறையாம். இனி நோயாளியிலிருந்து தொடங்க வேண்டுமாம். ஒரு மனிதர் மூச்சுத் திணறலோடு வருகிறார். ஏன் திணறுகிறார்? நுரையீரலில் நீர். ஏன் நீர்? இதயத்தின் இடப்பக்கம் தளர்ந்திருக்கிறது. ஏன் தளர்ந்தது? இப்படி ஒவ்வொரு "ஏன்" மேலும் ஏறிப்போய் நோய் பிறந்த இடத்தைத் தொட வேண்டும். உடற்கூறு, உடலியங்கியல், நோயியல் என்று தனித்தனிப் பெட்டியில் கிடந்த பாடங்கள் அந்த ஓர் ஆளின் உடம்பில் ஒன்றுசேர வேண்டும். 2019-ல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களிலிருந்து இது நாடு முழுக்கப் பாடத்திட்டம். அதற்கு முன் இருந்தது 1997-ம் ஆண்டு விதி. முதலாண்டு மாணவனுக்கே நோயாளியைக் காட்டு, ஒரே கேஸை வைத்துப் பல துறை ஆசிரியர்களும் பாடம் நடத்து என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அப்படி நடத்தச் சொன்ன தலைப்புகளில் ரத்தசோகையும் உண்டு. அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சாத்தூரில் வேலைக்கு வரும்.

யோசனை ஒன்றும் நேற்றுப் பிறந்ததல்ல. 1900-ல் ஹார்வர்டில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த வால்டர் கேனன், சட்டம் படித்த தன் அறைத்தோழன் வழக்குகளை வைத்து ராத்திரி பகலாக வாதாடுவதைப் பார்த்தார். நமக்கு மட்டும் ஏன் இந்தத் தூங்கவைக்கும் விரிவுரை என்று எழுதிவிட்டார். பிறகு ரிச்சர்ட் காபட் பாஸ்டன் மருத்துவமனையில் ஒரு காரியம் செய்தார். இறந்துபோன நோயாளியின் குறிப்பை ஒரு மருத்துவர் எல்லோர் முன்னாலும் படித்து, நோய் இன்னதென்று சொல்ல வேண்டும். அதன்பின் பிரேதப் பரிசோதனை செய்தவர் எழுந்து, உள்ளே உண்மையில் என்ன இருந்தது என்று சொல்வார். பெரிய டாக்டர் என்றாலும் தப்பானால் அது எல்லோர் முன்னாலும் தெரிந்துவிடும். 1969-ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் பிரச்சினையிலிருந்தே பாடம் என்று முழுக் கல்லூரியையும் நடத்திக் காட்டியது.

இதில் நாம் இறக்குமதி செய்தது எது, சுங்கத்திலேயே விட்டுவிட்டது எது என்பதுதான் விஷயம். கேஸை இறக்குமதி செய்தோம். தப்பானதை எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொள்ளும் அந்தக் கடைசிக் காட்சியை விட்டுவிட்டோம்.

நம் அரசு மருத்துவமனை வார்டுகளில் நோயாளிகள் தலைமுறை தலைமுறையாக ஆசிரியர் வேலை பார்த்துவருகிறார்கள். கௌரவ ஊதியம்கூட இல்லாமல். மண்ணீரல் வீங்கியவர் வந்தால் வார்டில் ஒரே சந்தோஷம்: "நல்ல கேஸ்பா!" அன்று முழுக்க முப்பது கை அந்த வயிற்றை அமுக்கும். பரீட்சைக் காலத்தில் பழகிப்போன இதய நோயாளி, வியர்த்து நிற்கும் மாணவனிடம், "மைட்ரல் ஸ்டெனோசிஸ் தம்பி, இடப்பக்கம் ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லிட்டுக் கேளுங்க" என்று கிசுகிசுப்பார் என்பது கல்லூரி தவறாமல் சொல்லும் கதை. அவருக்குத் தன் வால்வு தெரியும். அந்த வால்வுக்கு ஆபரேஷன் தேதி எப்போது என்பதுதான் தெரியாது.

பட்டாசு வட்டாரத்துக்காரர்களுக்கு இந்தக் கல்வி இன்னும் மலிவாகக் கிடைத்தது. பேப்பர் வழியாக. வெடித்த அன்று, சம்பவ இடத்திலேயே இத்தனை பேர். மறுநாள், சிகிச்சை பலனின்றி மேலும் இருவர். அது தீக்காய அதிர்ச்சி. தோல் வெந்ததும் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் கசியத் தொடங்கும். ரத்தத்தின் நீர் சதைக்குள் இறங்கும். ஆள் ஊதிப்போவார். ரத்த ஓட்டம் வற்றும். சிறுநீர் நிற்கும். அதனால்தான் முதல் 24 மணி நேரத்தில், உடல் எடையில் ஒரு கிலோவுக்கும் வெந்த பரப்பில் ஒரு சதவீதத்துக்கும் 4 மில்லி வீதம் திரவம் ஏற்றச் சொல்கிறது பார்க்லேண்ட் கணக்கு. 60 கிலோ எடை, 50 சதவீதக் காயம் என்றால் 12 லிட்டர். அதில் பாதி முதல் எட்டு மணி நேரத்துக்குள். அந்த எட்டு மணி நேரம், வார்டில் படுத்த நிமிடத்திலிருந்து ஓடுவதல்ல. வெடித்த நிமிடத்திலிருந்து ஓடுவது. "மேல்சிகிச்சைக்காக மதுரைக்குக் கொண்டு செல்லப்பட்டார்" என்று பேப்பர் எழுதும் அந்த எழுபது சொச்சம் கிலோமீட்டரும் அந்தக் கடிகாரத்தில்தான் கழிகிறது.

மூன்றாம் நாள் இன்னொருவர். சூடான புகையை இழுத்த நுரையீரல். ஒரு வாரம் கழித்து, ஐந்தாம் பக்கத்தில், கட்டிலில் கிடந்த ஒரு பெண். வெந்த தோல் காவல் காக்காது. கிருமி ரத்தத்தில் ஏறிவிடும். அதற்குள் பேப்பரில் வேறு ஊர், வேறு உராய்வு. அச்சங்குளத்தின் சாவுக் கணக்கு நாள்தோறும் ஏறியதைப் பின்தொடர்ந்த சாத்தூர் டீக்கடைக்காரர், தீக்காயத்தின் நோயியலைத் தவணை முறையில் முழுதாகப் படித்தவர். பட்டம் கொடுக்கத்தான் பல்கலைக்கழகம் இல்லை.

கேஸ் ஷீட்டில் என்ன எழுதுவார்கள்? பட்டாசு ஆலைத் தீ விபத்து. நான்கு சொல். அதற்கு மேல் ஏறக் கூடாது. அறையில் எத்தனை பேர் இருந்தீர்கள்? கலந்த மருந்தில் என்ன இருந்தது? பேரியமா? பச்சை நிறம் காட்ட உபயோகிக்கும் பேரியம் உப்பை 2018-லேயே உச்ச நீதிமன்றம் பட்டாசில் தடை செய்துவிட்டது. அது உடம்புக்குள் போனால் செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் வாசலை அடைத்துவிடும். ரத்தத்தில் பொட்டாசியம் சரியும். கைகால் துவளும். இதயம் தாளம் தப்பும். இதைவிட நல்ல கேஸ் எந்த வெள்ளைக்காரன் புத்தகத்தில் கிடைக்கும்? ஆனால் கேட்டால் பதில் வந்துவிடும். பதில் வந்தால் எழுத வேண்டும். எழுதினால் உராய்வுக்கு ஒரு கூட்டாளி அகப்படுவான். எதற்கு வம்பு?

இனி சாத்தூரின் பெரிய கேஸ்.

சேவுக்கும் வெள்ளரிக்காய்க்கும் பேர்போன ஊர். ஒரு காலத்தில் பேனா நிப்பு செய்து அனுப்பிய ஊரும்கூட. அந்த ஊர் அரசு மருத்துவமனையில் 2018 டிசம்பர் 3 அன்று ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் ஏற்றினார்கள். காரணம், நாம் ஞாபகம் வைத்துக்கொண்ட அதே ரத்தசோகை. தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது உண்டு என்று ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பே சொல்கிறது. அதற்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் உண்டு, நிதியுதவித் திட்டம் உண்டு, பெட்டகத்தின் மேல் படம் உண்டு. ரத்தத்தில் இரும்பு மட்டும் இல்லை. சரி, ரத்தம் சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்தது. அந்தப் பையில் எச்.ஐ.வி. இருந்தது.

இதை வகுப்பில் எப்படி நடத்துவார்கள் என்று நமக்குத் தெரியும். வைரஸின் மேலுறையில் ஒரு புரதம். அது சி.டி.4 செல்லின் கதவில் சாவி போடும். உள்ளே நுழைந்ததும் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகத் திருப்பி எழுதும். அதை நம் மரபணுவுக்குள் செருகிவிடும். அதன்பின் வீட்டுக்காரன் செலவிலேயே விருந்தாளி பெருகுவான். தொற்றிய ரத்தம் ஏறினால் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் தொற்றிவிடும். எல்லாம் சரி. அழகான படம் போட்டு விளக்கலாம். பத்து மதிப்பெண்.

பை எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். படம் மங்கும்.

ரத்தம் கொடுத்தவர் ஓர் இளைஞர். இருபது வயதுகூட ஆகவில்லை. உறவினர் ஒருவருக்காக நவம்பர் 30 அன்று சிவகாசியில் கொடுத்தார். அந்த ரத்தம் அங்கே செலவாகாமல் சாத்தூருக்கு வந்தது. தொற்றிய ஆரம்ப நாட்களில் எந்தச் சோதனையிலும் சிக்காத ஒரு கண்ணாமூச்சிக் காலம் உண்டு. அப்படித் தப்பியிருந்தால் விஞ்ஞானத்தைத்தான் நொந்துகொள்ள வேண்டும். ஆனால் இவர் 2016-லேயே ஒரு முகாமில் ரத்தம் கொடுத்திருக்கிறார். அப்போதே தொற்று தெரிந்துவிட்டது. அந்த ரத்தத்தை அழித்தார்கள். அவரிடம் மட்டும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் பழைய தொற்று. சாதாரண எலிசா சோதனையிலேயே பளிச்சென்று தெரிய வேண்டிய தொற்று. ஒவ்வொரு பை ரத்தத்துக்கும் எச்.ஐ.வி., இரண்டு வகை மஞ்சள் காமாலை, மேகநோய், மலேரியா என்று ஐந்து சோதனை கட்டாயம். பையின் மேல் சீட்டு ஒட்டுவதும் கட்டாயம். சீட்டு ஒட்டப்பட்டது.

வெளிநாட்டு வேலைக்காகத் தனியார் ஆய்வுக்கூடத்தில் சோதனை செய்தபோதுதான் அந்த இளைஞருக்கே விஷயம் தெரிந்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? ரத்த வங்கிக்குத் தகவல் சொன்னார். என் ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள் என்று. அதற்குள் ஏற்றியாகிவிட்டது. இந்தச் சங்கிலியில் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் இருந்தார்கள். மாதாமாதம் சம்பளம் வாங்கியவர்கள் இருந்தார்கள். கையெழுத்துப் போட்டவர்கள் இருந்தார்கள். கடமையைச் செய்தவர் ஒருவர்தான். அவர் சம்பளப் பட்டியலில் இல்லை. விஷம் குடித்தார். டிசம்பர் 30 அன்று மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் இறந்தார்.

எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரத்தில் வந்த புள்ளிராஜாவை மறந்திருக்க மாட்டீர்கள். அவருக்கு எய்ட்ஸ் வருமா, வராதா என்று தமிழ்நாட்டுச் சுவரையெல்லாம் கேள்வியால் நிரப்பினோம். ஊர் முழுக்க அவருடைய நடத்தையைப் பற்றியே கவலை. விடை சாத்தூரில் வந்தது. புள்ளிராஜாவுக்கு அல்ல. எந்தத் தப்பும் செய்யாமல், அரசு சொன்ன தேதியில், அரசு ஆஸ்பத்திரிக்கு, அரசு அட்டையோடு வந்த பெண்ணுக்கு. எச்.ஐ.வி. உள்ளவர்களின் உரிமையைக் காக்கும் சட்டம் 2018 செப்டம்பர் 10 அன்றுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. மூன்று மாதம்கூட ஆகவில்லை. மை உலரவில்லை.

அப்புறம் நடந்ததை யாரும் சொல்லாமலே ஊகிக்கலாம். ரத்த வங்கி ஆய்வுக்கூட ஊழியர்கள் மேல் நடவடிக்கை பாய்ந்தது. விசாரணைக் குழு வந்தது. வேலை தருகிறோம், நிதி தருகிறோம் என்றார்கள். பட்டாசு அறைக்கு உராய்வு என்றால் ரத்த வங்கிக்கு டெக்னீஷியன். ஒப்பந்தச் சம்பளத்தில் ஆளை வைத்து, ஒரு நாளைக்கு எத்தனை பை என்று கணக்குப் பார்க்காமல், மேற்பார்வைக் கையெழுத்தை மொத்தமாகப் போட்டு, 2016 முகாமின் பதிவேட்டை 2018-ல் யாரும் திறந்துபார்க்க வழியில்லாமல் வைத்திருந்த ஏற்பாடு எதுவும் சம்பவ இடத்தில் இல்லை. தவறு செய்தவர் தண்டனை பெறட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் அந்த இளைஞரிடம் "தம்பி, ஒரு நடை நம்பிக்கை மையத்துக்கு வந்துட்டுப் போங்க" என்று இரண்டு வருஷம் ஒரு போன் போடாத குற்றம், 2018-ல் பை பார்த்த டெக்னீஷியனுடையது அல்ல. அந்தக் குற்றத்துக்கு ஆள் இல்லை. அதற்குப் பெயர் நிர்வாகம்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2019 ஜனவரியில் மதுரை ராஜாஜி மருத்துவமனையில் அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. தாய்க்குக் கூட்டு மருந்து, குழந்தைக்குச் சொட்டு மருந்து என்று தாயிடமிருந்து சேய்க்கு வைரஸ் தாவும் பாதையை மறித்தார்கள். குழந்தைக்குத் தொற்று இல்லை. நோய் எந்த வழியாக வருகிறது என்று தெரிந்துகொண்டால் என்ன செய்ய முடியும் என்பதற்கு அந்தக் குழந்தையைவிடச் சாட்சி வேண்டாம். அதே அரசு, அதே துறை. ஒரு கட்டடத்தில் பாதையைத் திறந்துவிட்டது. இன்னொரு கட்டடத்தில் மறித்தது. 2019 ஜூலையில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீடும் வீடும் அரசு வேலையும் தரச் சொன்னது. அடுத்த மாதம் புதிய பாடத்திட்டத்தின் முதல் மாணவர்கள் கல்லூரிக்குள் நுழைந்தார்கள். நோயாளியிலிருந்து கற்றுக்கொள்ள.

அவர்களில் ஒருவன் இந்தக் கேஸை வாய்மொழித் தேர்வில் சந்தித்தால் எப்படியிருக்கும்? நான் கற்பனை செய்து பார்க்கிறேன்.

"ஏம்ப்பா, தொற்று எப்படி வந்தது?"

"ரத்தம் ஏத்துனதுல சார்."

"ஏத்துன ரத்தத்துல எப்படி வந்தது?"

"கொடுத்தவருக்கு இருந்துச்சு சார். ரெண்டு வருஷம் முன்னாடியே ரத்த வங்கிக்குத் தெரியும் சார்."

"அதை விடு. வைரஸ் எந்தக் குடும்பம்?"

"ரெட்ரோ வைரஸ் சார். ஆனா சார், அவர்கிட்டச் சொல்லியிருந்தா அவர் கொடுத்திருக்கவே மாட்டார் சார். அப்ப நோய்க்காரணம்னு பார்த்தா பதிவேடு..."

"பதிவேடு பாடத்துல இருக்கா?"

"இல்ல சார்."

"அப்புறம்? உட்காரு. அடுத்த ஆள் வா."

அந்தப் பையன் தேற மாட்டான். தேறினாலும் பதிவேட்டைப் பற்றி மறுபடி வாய் திறக்க மாட்டான். இருபது வருஷத்தில் அவனே அந்த நாற்காலியில் உட்கார்ந்து "அதை விடு" என்பான். இதுவும் ஒரு தொற்றுதான். தடுப்பு மருந்து கண்டுபிடிக்கவில்லை.

இப்படியெல்லாம் இல்லாத ஒரு காலம் இதே மாநிலத்தில் இருந்தது. 1985 கடைசி. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு மாணவி செல்லப்பன் நிர்மலாவுக்கு ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேவை. எய்ட்ஸ் நோய் இங்கே உண்டா என்று பார் என்றார் பேராசிரியை சுனிதி சாலமன். இந்தியாவுக்கு அதெல்லாம் வராது, நம் பண்பாடு அப்படி என்று பெரியவர்கள் நிம்மதியாக இருந்த நேரம். நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வைக்க இடமில்லாமல் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். ஐஸ் பெட்டியில் போட்டு ராத்திரி ரயிலில் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். ஆறு மாதிரிகளில் தொற்று. 1986-ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. பதிவு அதுதான். கையில் ஒரு ஐஸ் பெட்டி, கேட்கத் துணிந்த ஒரு மாணவி, கேட்கவிட்ட ஓர் ஆசிரியர். சட்டமன்றம் வரை அதிர்ந்தது. அப்புறம் 32 வருஷம். குளிர்பதன அறை உண்டு, கணினி உண்டு, மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994-லிருந்தே உண்டு. ஒரு பையைச் சரியாகப் பார்க்க முடியவில்லை.

கற்றுக்கொடுப்பவர்களை மேற்பார்வையிடும் பெரியவர்கள் இதற்கிடையில் சும்மா இருந்ததாக நினைக்காதீர்கள். ரொம்ப வேலை. 2022 ஏப்ரல் 30 அன்று மதுரை மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவர்கள் எந்த உறுதிமொழி எடுப்பது என்று ஒரு போர் மூண்டது. ஹிப்போகிரட்டஸா, சரகரா? சரகர் உறுதிமொழியை வாசித்துவிட்டார்கள் என்று மறுநாளே டீன் காத்திருப்போர் பட்டியலுக்குப் போனார். சில நாளில் திரும்பியும் வந்தார். மறுநாளே! அரசுக்கு வேகம் தெரியாது என்று யார் சொன்னது? தப்பான உறுதிமொழிக்கு ஒரு நாள். தப்பான ரத்தத்துக்கு, கொடுத்தவரே வந்து சொல்ல வேண்டியிருந்தது.

2023 மே மாதம் தேசிய மருத்துவ ஆணையம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியின் அங்கீகாரத்தையே ரத்து செய்தது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள்: சி.சி.டி.வி. கேமராவும் விரல்ரேகை வருகைப்பதிவும் சரியில்லை. சில வாரத்தில் அங்கீகாரம் திரும்பியது. இப்போது விரலும் போதாது. 2025 மே முதல் பேராசிரியர் கைபேசிக்கு முகம் காட்ட வேண்டும். முகம் எங்கே நின்று காட்டப்படுகிறது என்று செயற்கைக்கோள் பார்க்கும். நோயாளிக்கு அந்த முகம் எத்தனை நிமிடம் காட்டப்பட்டது என்று பார்க்க எந்தக் கோளும் மேலே இல்லை.

விரல்ரேகை ஏன் போதவில்லை என்பது இன்னும் நல்ல கதை. 2025-ல் மத்தியப் புலனாய்வுத் துறை போட்ட வழக்கின் குற்றச்சாட்டுகளைப் படியுங்கள். தனியார் மருத்துவக் கல்லூரி ஆய்வு எந்தத் தேதியில், யார் வருகிறார் என்ற ரகசியம் முன்கூட்டியே விலைபோனதாம். வராத பேராசிரியருக்குச் செயற்கை விரல் செய்து வருகை பதிந்தார்களாம். காலிக் கட்டில்களில் போலி நோயாளிகளைப் படுக்கவைத்தார்களாம். நோயாளியிலிருந்து கற்பது என்றால் இவர்கள் புரிந்துகொண்டது இதுதான். ஆள் கூலிக்கு வருவார். இருமச் சொன்னால் இருமுவார். அந்தக் கட்டிலருகே நின்று, "இவருக்கு என்ன நோய், சொல்" என்று ஒரு மாணவனைக் கேட்டால் சரியான விடை ஒன்றே ஒன்று: பசி.

போலி நோயாளி தேவைப்படாத மாவட்டம் எங்களுடையது. 2022 ஜனவரி 12 அன்று பிரதமர் காணொலியில் திறந்துவைத்த 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் விருதுநகரும் ஒன்று. கல்லூரி வந்ததில் எங்களுக்குச் சந்தோஷம்தான். காமராஜர் பிறந்த ஊருக்கு இத்தனை தாமதமாக வந்ததே என்ற வருத்தமும் உண்டு. இப்போது விதி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மாணவரும் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுக்க வேண்டும். போய்ப் பார்க்க வேண்டும், எடை பார்க்க வேண்டும், ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், குறிப்பேட்டில் எழுத வேண்டும். அருமையான விதி. உண்மையாகவே சொல்கிறேன். வெம்பக்கோட்டை ரோட்டில் எந்த ஊரில் இறங்கினாலும் பாடம் தானாக எதிரே வந்து உட்காரும். அலுமினியப் பொடி படிந்து வெள்ளி நிறமாகிப்போன கை. குனிந்து திரி வெட்டி வளைந்த முதுகு. கழுத்தோடு ஒட்டிக்கொண்ட தாடை, அதற்கு மேல் சிரிக்க முயலும் ஒரு முகம். சாயங்காலம் வாங்கும் கூலியில் ரத்தத்துக்கு இரும்பு எவ்வளவு மிஞ்சும் என்ற கணக்கு.

மாணவர் கேட்பார். "அக்கா, என்ன வேலை?" பட்டாசு. "எத்தனை பேர் ஓர் அறையில?" அக்கா பதில் சொல்லும் முன் வாசலைப் பார்ப்பார். யாராவது கேட்கிறார்களா என்று. அந்தப் பார்வைக்குக் குறிப்பேட்டில் கட்டம் இல்லை. தொழில்: கூலி. நோய்: ரத்தசோகை. அறிவுரை: கீரை, பேரீச்சம்பழம். ஆசிரியர் கையெழுத்து. முடிந்தது. மாணவன் மேல் தப்பில்லை. கட்டம் போட்டவர்கள் அங்கேயே கோடு கிழித்துவிட்டார்கள்.

ஒரு சின்ன வேண்டுகோள். தேர்தல் அறிக்கையில் சேர்க்கும் அளவுக்குச் செலவில்லாதது. சாத்தூர் ரத்தக் கேஸை விருதுநகர் கல்லூரியில் முழுக் கேஸாக நடத்துங்கள். ரத்தசோகையில் தொடங்குங்கள், அது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. சி.டி.4 செல்லும் வரட்டும், குழந்தையைக் காப்பாற்றிய மருந்தும் வரட்டும். 2016 முகாமின் பதிவேட்டுப் பக்கமும், 2018 நவம்பர் 30-ன் சோதனைப் பதிவும், மதுரைக் கிளையின் தீர்ப்பும் வகுப்பில் விநியோகம் ஆகட்டும். யார் யார் கையெழுத்து எங்கெங்கே இருக்கிறது, எங்கே இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று மாணவர்கள் விரல் வைத்துக் காட்டட்டும். கேஸ் நடத்தும்போது நோயாளியின் பெயரை மறைக்க வேண்டும் என்பது மருத்துவ நெறி. மறைத்துவிடுங்கள். அந்த இளைஞரின் பெயரையும் மறைத்துவிடுங்கள். மற்றவர்களின் பெயரை மறைக்கச் சொல்லும் பக்கம் எந்த நெறிமுறைப் புத்தகத்திலும் இல்லை.